திருகைத் தொடும் முன்

துகள் மோதல்களைக் கணினியில் உருவகிக்கும் பித்தியா நிரலை ஓட்டி முடித்ததும் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தை அல்ல, நிகழ்வுப் பட்டியலை. ஒரே ஒரு புரோட்டான்-புரோட்டான் மோதலை அச்சிடச் சொன்னாலே பல நூறு வரிகள் திரையில் ஓடும். வரிக்கு ஒரு துகள். 2212 என்றால் புரோட்டான், 21 குளுவான், 211 நேர்மின் பையான். அதன் தாய் எந்த வரி, பிள்ளைகள் எந்த வரி என்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்கும். சிதைந்துபோனவற்றின் நிலைக்குறி கழித்தல் அடையாளத்தோடு நிற்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கூட்டுத்தொகை: மின்னூட்டம் 2, உந்தம் சுழி, ஆற்றல் 13,000 ஜிஇவி. செர்னின் 27 கி.மீ. வளையம் 2015 முதல் 2018 வரை மோதவிட்ட ஆற்றல் அது. உள்ளே போனவை இரண்டு புரோட்டான்கள். நடுவில் என்ன களேபரம் நடந்தாலும் கணக்கு அப்படியே வெளியே வந்தாக வேண்டும். அந்த வரி பிசகினால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

குவார்க்கை யாரும் தனியாகப் பார்த்ததில்லை. கருவியில் விழுவது கடைசியில் மிஞ்சும் பையான், கேயான், புரோட்டான் போன்றவைதான். முதல் மோதலுக்கும் இவற்றுக்கும் நடுவே உள்ள கதையைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. முதல் அடியைச் சமன்பாட்டால் கணக்கிடலாம். அதன்பின் குளுவான்கள் கிளைவிடுவதும், துகள்கள் சிதைவதும் ஒவ்வொரு படியிலும் நிகழ்தகவுதான். தாயம் உருட்டுவதுபோல ஒரு ரேண்டம் எண் விழுந்து வழியைத் தீர்மானிக்கும். ஆனால் விதை எண்ணைக் குறித்துவைத்தால் அதே மோதலை அடுத்த வாரமும் அச்சுமாறாமல் வரவழைக்கலாம். இயற்கை தராத வசதி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த இழை மாதிரி. விலகி ஓடும் குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் நடுவே விசைப்புலம் மெல்லிய இழையாக நீளும். அதை ஒரு ஃபெம்டோமீட்டர் இழுக்க ஏறக்குறைய 1 ஜிஇவி ஆற்றல் செலவாகும். அன்றாட அளவில் சொன்னால், அந்த இழுவிசை 16 டன் எடையைத் தூக்கப் போதும்! இழுக்க இழுக்க இழை அறுந்து, அறுந்த இடத்தில் புதிய குவார்க் ஜோடி முளைக்கும். அப் குவார்க்கும் டவுன் குவார்க்கும் சமமாக வரும். ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்கு நிறை அதிகம், ஆகவே குறைவாக வரும். எவ்வளவு குறைவு என்று எந்தச் சமன்பாடும் துல்லியமாகச் சொல்லித் தருவதில்லை. அளந்துதான் வைக்க வேண்டும். பித்தியாவின் 2013 மோனாஷ் அமைப்பில், அப் அல்லது டவுனோடு ஒப்பிட்ட ஸ்ட்ரேஞ்சின் விகிதம் 0.217. 1989 முதல் 2000 வரை செர்னில் ஓடிய லெப் முடுக்கியின் எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல்கள் இத்தகைய எண்களுக்கு உரைகல். அங்கே புரோட்டானின் குப்பை இல்லை, இழை தெளிவாகத் தெரியும்.

இப்படிக் கூட்டிக் குறைக்கக்கூடிய எண்கள், அதாவது திருகுகள், பித்தியாவில் பல உண்டு. திருகினால் வரைபடத்தில் பித்தியாவின் கோடு நகரும். ஆபத்தும் அங்கேதான்.

2017-இல் செர்னின் ஆலிஸ் குழு நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. புரோட்டான் மோதல்களில் துகள் எண்ணிக்கை கூடக் கூட, பையான்களோடு ஒப்பிடுகையில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட துகள்களின் பங்கும் ஏறுகிறது. மூன்று ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உள்ள ஒமேகாவுக்கு ஏற்றம் மிக அதிகம். பித்தியாவின் வழக்கமான அமைப்போ கிட்டத்தட்டக் கிடைக்கோடு போட்டது. இந்நிலையில் யாருக்கும் முதலில் கை போவது 0.217 மீதுதான். கூட்டிப் பாருங்கள்: கோடு மொத்தமாக மேலே போகும், ஆனால் கிடையாகவே இருக்கும். கூடவே லெப் தரவோடு இருந்த பொருத்தமும் கெடும். குறை எண்ணில் இல்லை, இயற்பியலில்.

இதற்கு லுண்ட் குழுவினர் முன்வைக்கும் விளக்கம், நெரிசலில் பல இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வடமாகின்றன என்பது. வடத்தின் இழுவிசை அதிகம், ஆகவே கனமான குவார்க் எளிதாகப் பிறக்கும். சிறு அளவில் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவே உருவாகிறது என்போரும் உண்டு. வழக்கு முடியவில்லை. எனக்கு வடத்தின் பக்கம் சாய்வு இருக்கிறது. ஒரு புதுக் கருத்தில் பல ஏற்றங்களும் சேர்ந்து வருவதால்.



இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பித்தியாவும், அதை வெளியான அளவீடுகளோடு ஒப்பிடும் ரிவெட்டும் இலவசம். சாதாரண மடிக்கணினியே போதும். ஒரு திருகை மாற்றினால் லெப் வரைபடங்களையும் மறுபடி ஓட்டுங்கள். பொருந்தாமல் போனவற்றையும் அறிக்கையில் சேருங்கள்.