ராட்டையும் நூலும்

"மூச்சுவிட நேரமில்லை" என்று சொல்லாதவர் எங்கள் வில்லாபுரத்தில் அபூர்வம். ஆனால் ஓடியதெல்லாம் காரியமாகிவிடுமா?

நம் மதுரையிலே 1921-இல் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1924-இல் பெல்காம் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். அங்கத்தினர் சந்தா மாதம் 2,000 கஜம் நூல் என்று அங்கே விதியாயிற்று. எத்தனை மணி நேரம் ராட்டை சுற்றினோம் என்ற கணக்கு அதில் செல்லாது. இழை அறுந்துகொண்டேயிருந்தால் ராட்டையின் சப்தம் கேட்கும். கதிரில் நூல் ஏறாது. 1925-இல் நாலணாவும் சந்தாவாக ஏற்கப்பட்டது. ஆயினும் நூல் காட்டிய அளவுகோல் பொய்யாகவில்லை.

எங்களைப் போன்ற ஆசிரியர்களை, "இன்று எத்தனை நோட்டுத் திருத்தினீர்?" என்று கேட்பார் உண்டு. "பின்னக் கணக்கு இன்று எந்தக் குழந்தைக்கு விளங்கிற்று?" என்று கேட்பாரைத்தான் காணோம். அந்தக் கேள்விக்கல்லவா நாங்கள் நூல் அளந்து கொடுக்க வேண்டும்!