ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது முதலில் ஒரு வட்டம், பிறகு ஓர் எண். 1956-இல் நிறுவனம் தொடங்கியபின், மண்ணைத் தோண்ட வந்தவர்களுக்காக வரைபடத்தில் பிறந்த ஊர் அது. ஒரே வகை குவார்ட்டர்ஸில் ஜன்னலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். பக்கத்து வீட்டு இருட்டிலும் கொக்கியைத் தடவாமல் தொட்டுவிடலாம். குவார்ட்டர்ஸ் எந்த ஊரில் இருந்தாலும் அதில் குடியிருப்பவன் ஆணி அடிப்பான், கொடி கட்டுவான். சுவரை வெட்டலாம் என்று அவனுக்குத் தோன்றாது. தோன்றாமல் இருப்பதற்கு யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை. அப்பா முப்பத்தோரு வருஷம் அப்படி இருந்தார்.

ஓய்வு பெற்றபின் வடலூரில் அவர் கட்டிய வீடும் ஏறக்குறைய அதே குவார்ட்டர்ஸ்தான். அவர் படுக்கும் அறையின் பின்சுவரில் நாலடி அகல ஜன்னல். அதற்கு அப்பால் ஒரு பலா மரம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபின், அடுத்த வருஷம் வைத்த கன்று. இப்போது காய்க்கிறது. மரம் கட்டிலிலிருந்து பத்தடி. போய்ச் சேரக் கூடம், முன்வாசல், பக்கச் சந்து என்று வீட்டையே சுற்ற வேண்டும். எண்பத்தொரு வயது முழங்காலுக்கு அது ஒரு பிரயாணம். போன தையில் ஒருநாள், "அந்த ஜன்னலை எடுத்துட்டுக் கதவு வச்சுடுப்பா" என்றார்.

அம்மாவுக்குத் திருடன் பயம். எனக்குச் சுவர் பயம். கொத்தனாருக்கு இரண்டும் இல்லை. "லிண்டலைத் தொடவே வேணாம் சார். மேல் பாரத்தை அதுதான் தாங்குது. ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சுவரு சும்மா நிக்குது."

இந்த வாக்கியத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். நம்மூர் வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் லிண்டல் ஒரே மட்டத்தில், ஏழடியில் ஓடுகிறது. மேலே உள்ள செங்கல்லின் எடை அதில் இறங்கி, இரு பக்கமும் அது ஊன்றிய இடத்தின் வழியாக அஸ்திவாரத்துக்குப் போய்விடுகிறது. ஜன்னலுக்கு அடியில் இருக்கும் இரண்டரை அடி உயரச் சுவர் தன்னைத் தவிர எதையும் சுமப்பதில்லை. அகலத்தைக் கூட்ட ஆசைப்பட்டால் கதை வேறு: சுவரில் துளையிட்டுக் குறுக்குச் சட்டம் செருகி, இருபுறமும் முட்டுக் கொடுத்து, புதிய லிண்டல் போட்டு, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு நாலடி போதும்.

இந்தமாதிரிக் கதவு பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளில் தரைவரை இறங்கிய இரட்டைக் கதவுகளை இன்றும் பார்க்கலாம். இங்கிலீஷ்காரன் அதைப் பிரெஞ்சுக் கதவு என்கிறான். பிரெஞ்சுக்காரனோ கதவு-ஜன்னல் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறான். நமக்கு ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதற்கு முன்னால் இருந்த காலதர் என்பது காற்றின் வழி. ஆள் போகும் வழியாக அதை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நம் புதுக்கவிதையிலும் அப்படித்தான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவையும் மழையையும் காக்கையையும் பார்க்கிறவன் எத்தனை கவிதைகளில் வந்துவிட்டான்! வெளியே நடப்பது துல்லியமாகப் பதிவாகிறது, இவன் எழுந்திருப்பதில்லை. இதை நவீன மனிதனின் அந்நியமாதல் என்று நாமே விமர்சனம் எழுதி கௌரவப்படுத்தியும் இருக்கிறோம். அதில் பாதி வெறும் சௌகரியம் என்று இப்போது எனக்குச் சந்தேகம். கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை மழை நனைக்காது. அப்பாவும் தன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருக்கு மரம் ஒரு படிமமாகவில்லை. பலாக்காயைத் தட்டிப் பார்த்தால்தான் முற்றியதா என்று தெரியும். காதுக்கு அருகில் தட்ட வேண்டும்.

வேலை நாலு நாள். முதலில் மெஷினால் பூச்சில் இரண்டு நேர்க்கோடு. பிறகு கம்பியோடு ஜன்னலை முழுசாகப் பெயர்த்தார்கள். செங்கல்லை மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கீழே அடித்துச் சரிப்பது அவசரக்காரன் வேலை என்றார் கொத்தனார். நூறு கல்லுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சுவர் கட்டும்போது வரிக்கு வரி மூட்டு மாற்றி வைப்பதால் வெட்டிய ஓரம் பல்வரிசைபோல் நின்றது. அதைச் செதுக்கி, அரைக்கல் கொடுத்து, தூக்குக்குண்டு பிடித்துச் சமன் செய்தார்கள். நிலையை ஹோல்ட்ஃபாஸ்ட் வைத்துக் கான்கிரீட்டில் இறுக்கினார்கள்.

கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்று ஒரு பகல் முழுக்க விவாதம். வெளியே திறந்தால் ஐப்பசிக் காற்று கதவை நிலையோடு சேர்த்து அழுத்தும், மழை உள்ளே வராது. ஆனால் கீல் வெளிப்பக்கம் வந்துவிடும். அம்மாவின் திருடன் ஆணியைக் கழற்றிவிடுவான். ஆணி கழலாத கீல் கிடைக்கிறது என்று தெரிந்ததும் அம்மா தோற்றாள், முழு மனதாக இல்லை. கண்ணாடி வேண்டாம் என்பதில் மட்டும் அப்பாவும் அம்மாவும் ஒரே கட்சி. சன்ஷேடை நீட்டி, நிலைக்கு வெளியே தண்ணீர் ஓடச் சாய்வு கொடுத்து, இரண்டு படி வைத்தோம். முதலில் வைத்த படி ஏழு அங்குலம். அப்பா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உடைத்து ஐந்தாக்கினார்கள், படி மூன்றானது.

கழற்றிய ஜன்னல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கொத்தனார் அதைக் கேட்டார். சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்களில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் நிலைகளையும் ஜன்னல்களையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஊரும் அப்படிப் போன ஊர். புது இடத்தில் சுவர் எழும்பிவிட்டது, ஒரு ஜன்னல் குறைகிறது என்றார். என்ன அளவு என்று அப்பா விசாரித்தார்.

"அளவா? இதுக்குத் தகுந்த மாதிரி சுவத்துல இடம் விட்டுக்கலாம் ஐயா" என்றார் அவர்.