கீழ் வீட்டு சீலிங்

மண்ணில்லாமல் செடி வளர்ப்பதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘ஹைட்ரோ’ என்றால் தண்ணீர், ‘போனோஸ்’ என்றால் உழைப்பு. 1930-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் பிரபலப்படுத்திய சொல். தொட்டித் தண்ணீரில் தக்காளிக் கொடிகளை, ஏணி போட்டுப் பறிக்கிற உயரத்துக்கு வளர்த்துக் காட்டினார் மனிதர்.

அதற்கும் வெகு முன்னால், இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினாவை வைத்து ஒரு பரிசோதனை செய்து 1699-ல் எழுதினார். மழைத் தண்ணீரில் கொஞ்சம், தேம்ஸ் நதித் தண்ணீரில் கொஞ்சம், தோட்ட மண் கலக்கிய தண்ணீரில் கொஞ்சம். எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தால், மண் கலந்ததுதான் நன்றாக வளர்ந்திருந்தது. ஆக, செடிக்கு வெறும் தண்ணீர் போதாது, அதில் கரைந்திருக்கும் சமாசாரங்கள்தான் முக்கியம் என்று தெரிந்தது. அந்தச் சமாசாரங்களை உப்பாக வாங்கித் தண்ணீரில் கரைத்துவிட்டால் மண் எதற்கு? இவ்வளவுதான் ஹைட்ரோபோனிக்ஸ்.

ஆனால் உட்வர்டுக்கும் கெரிக்குக்கும் இல்லாத பிரச்னை ஒன்று நம் ஊர் ஃபிளாட்வாசிக்கு உண்டு. கீழ் வீடு!

என் அத்தான் ரிட்டையர் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். நிலத்தை விற்றுப் பல வருஷம் ஆகிறது, கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். பால்கனிக்கு எதிரே ஆறடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. மொட்டை மாடியில் தொட்டி வைக்கலாம் என்றால், மேல் மாடியில் தண்ணீர் இறங்குகிறது என்று அசோசியேஷன் தடை போட்டுவிட்டது. மிச்சமிருந்தது ஸ்டோர் ரூம்.

“மாப்ளே, உள்ளயே ஒரு டென்ட் போட்டு, லைட்டு போட்டு வளர்க்கறாங்களாமே... நீ வந்து பைப் வேலைய மட்டும் பாரு” என்று போன் செய்தார். அக்கா பின்னாலிருந்து, “வீட்டுக்குள்ள வயல் வைக்கறாருடா. அடுத்தது மாடு வரும்” என்றது கேட்டது.

டென்ட் என்பது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஜிப் வைத்த தடித் துணி. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு. மேலே எல்.இ.டி. விளக்கு, ஓரத்தில் காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன். நாலடி நீளம், இரண்டடி அகலம். அதற்குள் 40 லிட்டர் தொட்டி ஒன்று, அதன் மேல் நான்கு பி.வி.சி. குழாய்கள். குழாயில் துளை போட்டு, துளைக்கு ஒரு புதினா. அடியில் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடித் திரும்பத் தொட்டிக்கே வரும். அதே தண்ணீரே சுற்றிச் சுற்றி வருவதால் செலவு குறைவு. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிக்கு இது பிடிக்காமல் போகுமா?

எல்லாம் சரி. ஸ்டோர் ரூமுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அத்தானோடு நானும் முதல் மாடிக்குப் போனேன். அங்கே ஒரு கட்டில். அதில் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. இடுப்பெலும்பு உடைந்து, எழுந்து நடமாட முடியாமல் படுத்திருப்பவர். சீலிங்கில், எப்போதோ பாத்ரூம் குழாய் ஒழுகியதில் வந்த பழுப்புக் கறை, கேரளா மேப் மாதிரி.

“அம்மா நாள் முழுக்கப் பார்த்துட்டு இருக்கறது இந்த சீலிங் ஒண்ணைத்தான் சார்” என்றார் மகன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

பாட்டி என்னைப் பார்த்து, “அந்தக் கறை ஒரு நூல் வளர்ந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும், தம்பி” என்றார்.

நமக்குத் தரை, அவருக்கு வானம்!

மாடிப்படி ஏறும்போது அத்தான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னார். “ஊர்ல விடிகாலைல வரப்பு மேல நடப்போம். எதுக்குத் தெரியுமா? நண்டு வளை பார்க்க. ஒரு வளையை விட்டா, ராத்திரிக்குள்ள நம்ம வயல் தண்ணி கீழ் வயலுக்குப் போயிடும். நமக்குத் தண்ணி நஷ்டம், அவனுக்கு நாத்து நஷ்டம். இங்கயும் முதல்ல வளையை அடைப்போம். புதினா அப்புறம்.”

ஒரு சிறு கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஆக, ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் 30 லிட்டர் பாட்டியின் கட்டிலுக்கு!

முதல் விதி: ஓட்டை இல்லாத தொட்டி ஒழுகாது. தொட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு வாஷர் வைத்துக் குழாய் எடுப்பது வழக்கம். நாங்கள் துளையே போடவில்லை. பம்ப் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். குழாய் மேல் வழியாக ஏறிப் போகும், திரும்பும் தண்ணீரும் மேலிருந்தே விழும். இணைப்புகள் எல்லாம் முடிந்தவரை தொட்டிக்கு நேர் மேலேயே. சொட்டினாலும் தொட்டிக்குள்தான் சொட்டும்.

இரண்டாவது விதி, கரன்ட் போகும். பம்ப் நின்றவுடன் குழாய்களில் இருக்கும் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்கு இறங்கும். அளந்து பார்த்தோம், 7 லிட்டர். தொட்டி ஏற்கெனவே தளும்ப இருந்தால் தரையில்தான் போகும். அதனால் உள்பக்கம் மார்க்கரால் கோடு போட்டு, அதற்கு மேல் 10 லிட்டருக்கு இடம் விட்டோம்.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் தங்கும், வேர் அழுகும். அதற்காக மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று பம்ப் ஒன்று. இதைத் தரையில் வைத்தால் ஆபத்து. கரன்ட் போனால் அந்த மெல்லிய டியூப் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடலாம். கேனில் டியூப் போட்டு வாயால் உறிஞ்சி மண்ணெண்ணெய் எடுப்பார்களே, அதே கதை. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் மாட்டி, டியூபில் ஒருவழி வால்வும் போட்டோம்.

ஒயரையும் மறக்கக் கூடாது. பிளக்குக்குப் போகும் முன் ஒயர் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மூன்றாவது, எல்லாம் தோற்றாலும் தாங்க ஒன்று வேண்டும். ஃபைபர் பட்டறையில் சொல்லி, டென்ட் உட்காரும் அளவுக்கு நாலங்குல விளிம்போடு ஒரு தட்டு செய்தோம். அதன் கொள்ளளவு 75 லிட்டர். தொட்டி முழுசாகக் கவிழ்ந்தாலும் தட்டு தளும்பாது. தட்டில் ஈரம் பட்டால் கத்துகிற சின்ன அலாரம் ஒன்று.

பிறகு பரீட்சை. பாத்ரூமில் செட்டை நிறுத்தி, தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்தார் அத்தான். அடியில் பழைய நியூஸ் பேப்பர். மூன்று நாள் ஓடியது. வெறும் தண்ணீராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்திருக்கும். இரண்டாம் நாள் காலை, பேப்பரில் மிளகு அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி. மரை போட்ட எல்போ ஒன்றிலிருந்து. பிரித்து, டெஃப்லான் டேப்பை மரை முறுக்கும் திசையிலேயே சுற்றி மறுபடி இறுக்கினோம். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து! பத்து தடவை ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டு, கரன்ட் கட்டையும் ஒத்திகை பார்த்தோம்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் நாள் ஒழுகாத செட் நாற்பதாம் நாள் ஒழுகும். காரணம், செடி! புதினா வேர் தாடி மாதிரி வளர்ந்து வடிகால் வாயை அடைக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் நடவுத் துளை வழியாகப் பொங்கும். தொட்டிக்குள் வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து, அதுவும் அடைக்கும். அதனால் வெளிச்சமும் ஒழுகக் கூடாது. கறுப்புத் தொட்டி, இறுக்கமான மூடி. இணைப்பில் எங்காவது வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அங்கே ரகசியமாகக் கசிகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகி, உரத்தின் உப்பு சாட்சியாக நிற்கும்.

இதற்காகத் தினம் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு டென்ட் ஜிப்பைத் திறக்கிறார் அத்தான். “வரப்புக்குப் போயிட்டு வரேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு.

இத்தனை பாடு ஒரு கட்டுப் புதினாவுக்கா, கடையில் வாங்கினால் என்ன, என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் கேட்டாள். “கடையில வாங்கறது கறிக்கு. இது எனக்கு” என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முதல் கட்டுப் புதினா கீழ் வீட்டுக்குப் போனது. பாதி துவையலாக மேலே வந்தது.

செட்டை ஓடவிட்டபோது, “ஒரு வாரம் பார்க்கலாம் சார்” என்று சொல்லியிருந்தார் பாட்டியின் மகன். தினமும் காலை வாட்ஸ்அப்பில் சீலிங்கின் போட்டோ அனுப்பினார். வாரம் முடிந்தது, போட்டோ நிற்கவில்லை. நிறுத்தப் பாட்டி விடவில்லையாம். காபி வருவதற்கு முன்பே, “மேல அனுப்பியாச்சா?” என்று கேட்கிறாராம்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அதே பழைய கேரளா. ஒரு நூல்கூட வளரவில்லை. “சரிங்கம்மா” என்று பதில் போட்டுவிட்டு, டார்ச்சைத் தேடுகிறார்.