சின்னக் கேள்வி, நல்ல ஆய்வேடு

ஆய்வேடு எழுதும் பருவம் வந்துவிட்டால் கல்வியியல் மாணவர்கள் பெரிய தலைப்பாகத் தேட ஆரம்பிப்பார்கள். 'மாணவர்களின் கற்றல் அடைவில் குடும்பச் சூழல், ஊடகம், ஆளுமை ஆகியவற்றின் தாக்கம்' என்கிற மாதிரி. இரண்டு வினாத்தாள், முன்னூறு மாணவர்கள், ஒரு மூட்டை அட்டவணை. கடைசியில் என்ன கேள்வி கேட்டோம் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும்!

தலைப்பைப் பதிவு செய்வதற்குமுன் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப்பின் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஆசிரியர்களை உருவாக்கிய ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு அது. 1935ல் கட்டுரையாக வெளிவந்தது. நெறியாளர் ஜோசப் பீட்டர்சன்.

கேள்வி சின்னது. நிறத்தின் பெயரைப் படிப்பதைவிட நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல அதிக நேரம் ஆகிறது. இதை 1886லேயே ஜேம்ஸ் கேட்டல் அளந்திருந்தார். காரணமாக பீட்டர்சன் ஒன்று சொல்லியிருந்தார்: எழுத்தைப் பார்த்தால் படிப்பது என்ற ஒரே பழக்கம்தான் வருகிறது, நிறத்தைப் பார்த்தால் பலவிதமாக எதிர்வினை செய்யப் பழகியிருக்கிறோம். சரி, இரண்டையும் மோதவிட்டால்? 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டால்?

ஐந்து நிறங்கள், ஒரு தாளில் நூறு சொற்கள். ஒவ்வொரு சொல்லும் மற்ற நான்கு நிறங்களிலும் சம எண்ணிக்கையில் வரவேண்டும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. அலுப்பான வேலைதான். ஆனால் ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தாள் ஒழுங்காக இல்லாவிட்டால் முடிவு எதுவாக இருந்தாலும் 'அது தாளின் கோளாறு' என்று யாரும் தள்ளிவிடலாம்.

நிறத்தைக் கண்டுகொள்ளாமல் சொல்லைப் படிக்கச் சொன்னபோது, கறுப்பு மைத் தாளைவிட 2.3 வினாடிதான் கூடியது. சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது கதை மாறியது. வெறும் வண்ணச் சதுரங்களுக்கு 63.3 வினாடி, சொற்களுக்கு 110.3 வினாடி! நம்பாதவர்கள் பச்சைப் பேனாவால் 'சிவப்பு' என்றும் சிவப்புப் பேனாவால் 'நீலம்' என்றும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்ட்ரூப் நிறுத்தவில்லை. 32 மாணவர்களுக்கு நாள்கணக்கில் நிறம் சொல்லும் பயிற்சி கொடுத்தார். தடுமாற்றம் குறைந்தது. ஆனால் பயிற்சி முடிந்த கையோடு படிக்கச் சொன்னால், இப்போது படிப்பதில் தடுமாறினார்கள்! அடுத்த முறையே அது பெருமளவு சரியாகிவிட்டது. படிப்பது எவ்வளவு ஆழமாக வேரூன்றிய பழக்கம் என்பதற்கு, எழுத்துக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

கட்டுரை வெளியான அதே வருடம் பீட்டர்சன் இறந்துபோனார். ஸ்ட்ரூப்பும் சில ஆண்டுகளில் உளவியல் ஆய்வை விட்டுவிட்டு, பைபிள் பாடம் நடத்துவதிலும் அது பற்றி எழுதுவதிலும் வாழ்நாளைக் கழித்தார். 1991ல் காலின் மெக்லாயிட் இந்த விளைவு பற்றிய அரைநூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அதைப் பார்க்க ஸ்ட்ரூப் இல்லை. 1973லேயே காலமாகிவிட்டார்.

கட்டுரையின் அடிக்குறிப்பில் அவர் நன்றி சொல்லும் வரிசையையும் படிக்கவேண்டும். கையெழுத்துப் பிரதியை விமர்சித்த நெறியாளர், சக மாணவர் ஒருவர், சோதனைக்கு வந்த ஏறக்குறைய முன்னூறு கல்லூரி மாணவர்கள், கடைசியாக அந்தத் தாள்களை அச்சடிக்க உதவிய அச்சகத்துக்காரர்.