மூன்றாவது அருவி பாக்கி

முதலில் பூ, பிறகு அருவி. கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போதே நானும் தோழியும் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான். கோப்பெங்கில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்த வழிகாட்டி அதைக் கேட்டுவிட்டு வானத்தை ஒருமுறை பார்த்தார். "அருவி முதலில். மதியத்துக்கு மேல் மழை வரும். பூ எங்கேயும் ஓடிவிடாது" என்றார் மலாயில்.

தோழியின் முகம் சுருங்கிவிட்டது. ரஃப்ளேசியாவைப் பார்க்க இதற்கு முன் இரண்டு முறை பேராக் காடுகளுக்கு வந்து, இரண்டு முறையும் கறுத்து அழுகிப்போன பூவைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். மொட்டு முதிர ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். விரிந்தபின் ஐந்து முதல் ஏழு நாள்தான். நாங்கள் போன பூவுக்கு அன்று ஐந்தாம் நாள்.

கோப்பெங், ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த சிறு நகரம். அங்கிருந்து மலைப்பக்கம் ஏறினால் செமாய் பூர்வக்குடியினர் வாழும் உலு கெரோ. வழிகாட்டி அந்த ஊர்க்காரர். 'அபாங்' என்றே கூப்பிட்டோம்.

கேன்யனிங் என்பதைப் பலர் மலையேற்றம் என்று நினைக்கிறார்கள். இது இறக்கம். ஓடை போகிற வழியிலேயே நாமும் போக வேண்டும். பாறை வந்தால் சறுக்க வேண்டும், குளம் வந்தால் நீந்த வேண்டும், அருவி வந்தால் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். அன்று எங்களுக்கு மூன்று அருவிகள்.

முதல் அருவி மூன்று மாடி உயரம் இருக்கும். எனக்கு நான்காவது மாடி பால்கனியில் துணி காயப்போடவே தயக்கம். இடுப்பு வாரில் கயிற்றை மாட்டிவிட்டு, "பின்னால் சாய்ந்து கொள்" என்றார் அபாங். உடம்பு கேட்டால்தானே! பயத்தில் பாறையைக் கட்டிப்பிடிக்கத்தான் தோன்றும். அப்படிச் செய்தால் கால் வழுக்கி முட்டி பாறையில் மோதும். எனக்கு இரண்டு முறை மோதியது. கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்த தோழி, "சாஞ்சுக்க டி! கயிறு தாங்கும் லா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சாய்ந்தேன். பாதங்கள் பாறையில் பதிந்ததும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த குளத்தின் கரையில் காட்டு இஞ்சிச் செடிகளுக்கு நடுவே, இலையில்லாத நீண்ட தண்டின் நுனியில் ஓர் இளஞ்சிவப்புப் பூ. ஆசாம் லக்சாவில் நறுக்கிப் போடும் அதே புங்கா கந்தான். சந்தையில் மொட்டாகவே வாங்கிப் பழகிய எனக்கு, அது விரிந்தால் இவ்வளவு அழகு என்று அன்றுதான் தெரிந்தது. ஈரமணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி ஒன்று, கறுப்பில் பச்சைப் பற்கள் வரைந்ததுபோன்ற இறக்கையோடு, உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இரண்டாவது அருவியில் முட்டி தப்பியது. கீழே ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். நல்ல வெயில். அபாங் மட்டும் சாப்பிடவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல இருந்த நீர் லேசாகக் கலங்கி, சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. "மேலே ஏறுங்கள். இப்போதே."

தோழி விடவில்லை. "வெயில் அடிக்குதே அபாங், இன்னும் ஒண்ணுதானே?" அவர் வாதாடவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரைச்சரிவில் ஏறத் தொடங்கினார். வேர்களைப் பிடித்துக்கொண்டு நாங்களும் ஏறினோம்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காட்டுக்குள் லாரி வருவதுபோல ஓர் இரைச்சல். தே தாரேக் நிறத்தில் வெள்ளம் இறங்கியது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பாறை எங்கே இருந்தது என்று அதன்பின் சொல்ல முடியவில்லை. மலாயில் இதற்குக் 'கெபாலா ஆயர்' என்று பெயர். மழை மலையுச்சியில் பெய்யும். கீழே வெயிலில் குளிப்பவர்களுக்கு அது தெரியாது. செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்த சொல்தான். தோழி என் கையைப் பிடித்திருந்தாள். வெகுநேரம் விடவில்லை.

பூ இருக்கும் இடத்துக்குத் தூறலில் நடந்தோம். அட்டைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும், விடுங்கள். ஓரிடத்தில் அபாங் சட்டென்று என் தோளைப் பிடித்து நிறுத்தினார். என் காலடிக்கு அருகே, முட்டைக்கோஸ் போல ஒரு மொட்டு. இலை, தண்டு, வேர் எதுவும் இல்லாத ஒட்டுண்ணி இது. ஒரு காட்டுக்கொடிக்குள்ளேயே வாழ்ந்து, பூக்கும்போது மட்டும் வெளியே வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்தென்று ஒரு காலத்தில் மொட்டுகளைப் பறித்து விற்றதாகவும், இப்போது பூவைக் காட்டிப் பிழைப்பதாகவும் அபாங் சொன்னார்.

பூ இன்னும் இருந்தது. செங்கல் நிறத்தில் ஐந்து தடித்த இதழ்கள், மேலெல்லாம் வெளிறிய புள்ளிகள். அகலம் ஒன்றரை அடி இருக்கும். ஓர் இதழின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. குனிந்தால் செத்த எலி நாற்றம். அதற்கென்றே ஈக்கள் வந்திருந்தன. மகரந்தம் சுமப்பவை அவைதான். பத்து ரிங்கிட் நோட்டில் இருப்பது இதே குடும்பத்துப் பூ. ரஃபிள்ஸின் பெயர் பேரினத்துக்கு, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த கேன்ட்லியின் பெயர் இந்த இனத்துக்கு. மலாய்க்காரர்கள் சொல்வதோ 'புங்கா பக்மா'. நம் பத்மாதான் அது. எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

தோழி படம் எடுக்காமல் குந்தி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அபாங், மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு, அவள் கழுத்திலிருந்த அட்டையை எடுத்துப் போட்டார்.

என் காலுக்குத் தப்பிய மொட்டு எப்போது விரியும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறாள். மூன்றாவது அருவியையும் அன்றைக்கே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. போன வாரம் பதில் வந்தது: "இன்னும் இல்லை. மேலே மழை."