டேஷ்போர்டில் இல்லாத முள்

பல கார்களில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் 90 டிகிரிக்கு வந்ததும் அசையாமல் நின்றுவிடும். உண்மையில் சூடு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை முள்ளை நகர்த்தாதே என்று மென்பொருளில் எழுதி வைத்திருப்பார்கள். முள் ஆடினால் ஓட்டுகிறவர் பயந்துபோவார் அல்லவா? மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த நியாயம் புரியும். எங்கள் வேலையிலும் வாடிக்கையாளருக்குப் பச்சை விளக்கு, எங்களுக்கு முழுக் கணக்கு என்று இரண்டு திரைகள் உண்டு.

டர்போ கார்களில் பூஸ்ட் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் முள்ளே கிடையாது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். ஆல்ஃப்ரட் பூகி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் ஒரு விமான எஞ்சினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். மேலே காற்று மெலிதாக இருப்பதால் எஞ்சின் இழக்கும் சக்தியை இது மீட்டுத் தருமா என்பதுதான் கேள்வி. தந்தது.

எனக்கும் கேள்வி மலையில்தான் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, அம்மா பக்கத்தில் இருக்க, ஒரு லாரியை முந்தப் போனேன். பாதியில் வண்டி மூச்சு வாங்கியது. எதிரே பேருந்து. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அம்மா குன்னூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். "எரர் கோடு எதுவும் இல்ல சார், வண்டி நார்மல். ஏசி போட்டு மலை ஏறுனா அப்படித்தான் இருக்கும்." எஞ்சின் சும்மா ஓடும்போது டர்போ அழுத்தமே தருவதில்லை. நிறுத்திய வண்டியில் அந்தக் கோளாறு தெரிய வாய்ப்பில்லை. ஓட்டும்போது பார்க்க வேண்டும்.

காரின் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகி ஃபோனிலேயே அழுத்தத்தைப் பார்க்கலாம்தான். ஆனால் மலிவான கருவிகளில் எண் தாமதமாக, விட்டுவிட்டு வரும். மேலும், அதுவும் கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கு. எனக்கு நடுவில் மென்பொருள் இல்லாத ஒரு சாட்சி தேவைப்பட்டது. அதனால் மெக்கானிக்கல் மீட்டர் வாங்கினேன். உள்ளே இருப்பது யூஜின் பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற சங்கதி: வளைந்த தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். அவ்வளவுதான்.

கணபதியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் முதலில் சிரித்தார். "ஓடற வண்டிக்கு எதுக்குங்க தம்பி இன்னொரு மீட்டரு?" பிறகு அவரே பானட்டைத் திறந்தார்.

இணைப்பை எடுக்கும் இடம்தான் முக்கியம். த்ராட்டிலுக்குப் பிறகு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய ஹோஸை வெட்டி டி-ஜாயின்ட் போட வேண்டும். வழியில் ஒருவழி வால்வு இருந்தால் முள் ஒரு பக்கம் மட்டுமே நகரும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் கை வைக்கவே கூடாது. அங்கே கசிந்தால் பிரேக் கல்லாகிவிடும். ஃபயர்வாலில் வயர்கள் போகும் ரப்பர் குரோமெட் வழியாகக் கம்பியை விட்டு ஹோஸை உள்ளே இழுத்தோம். முன்தூணில் மீட்டரைப் பொருத்தினால் அழகுதான். ஆனால் கர்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது விரியும் வழி அதுவே. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் ஒரு மூலையில் வைத்தோம். விளக்குக்கு மட்டும் பார்க்கிங் லைட் ஃப்யூஸிலிருந்து ஒரு வயர். முள் படபடக்காமலிருக்க ஹோஸுக்குள் ஊசித்துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டைச் செருகினார் பெரியவர். மெய்யைக் காட்டும் முள்ளுக்கும் கொஞ்சம் பூசிமெழுகல் தேவைப்படுகிறது!

ஐடிலில் முள் மைனஸ் 0.65 பாரில் ஆடாமல் நின்றது. மேனிஃபோல்டு பக்கம் கசிவில்லை. சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேன். 0.5 வரை சீறி ஏறிய முள் அங்கேயே நடுங்கியது, கூடவே உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்படியானால் கோளாறு டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு அருகே ஒரு விரிசல் இருந்தது. சும்மா இருக்கும்போது மூடியிருக்கும். அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். ஹோஸை மாற்றியதும் முள் 0.8-ஐத் தாண்டியது.

அடுத்த மாதம் ஊட்டியில் வண்டியை ஐடிலில் விட்டபோது முள் மைனஸ் 0.4 அருகே நின்றது. நண்பன் பதறினான், "டேய், மறுபடியும் லீக்குடா!" லீக் இல்லை. இந்த மீட்டரின் பூஜ்யம் என்பது வெளிக்காற்றின் அழுத்தம். கோவையில் 1 பாருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் அது, 2,240 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 0.77-தான். எஞ்சினுக்குள் மாற்றமில்லை, பூஜ்யம்தான் கீழே இறங்கியிருந்தது. அவனுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இப்போதும் மலையேறும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டு வருகிறார். "ஏறுதுடா, போ" என்கிறார்.