ஆக்காட்டி முட்டையின் நிறம்

1996 இல் இராணுவம் கிளிநொச்சி நகரைப் பிடித்தபோது, இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் வந்த எங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது நாலைந்து பாலை மரங்களும் ஓர் ஓலைக் கொட்டிலும்தான். உரப்பையை விரித்துப்போட்டு இருப்போம். சித்திரப் பாடத்துக்குக் கலர்ப்பெட்டி இல்லை. பொருளாதாரத் தடை; சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்குமே வீடுகள் அல்லாடின.

சித்திர ரீச்சர் சிரட்டைகளில் நிறம் செய்தா. மஞ்சள்தூள் கரைத்த சிரட்டைக்குள் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி விழுந்ததும் அது இரத்தச் சிவப்பாகும், நாங்கள் கூவுவோம். நீலச் சங்குப்பூவைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் மஞ்சளைக் கலந்தால் பச்சை. வீதிக் கிறவலை அரித்துக் குழைத்து, அதற்குள் அந்தப் பச்சையை விட விடச் செம்மை அடங்கி மண்ணிறம் வரும். “அவசரப்படாதேங்கோ பிள்ளையள், துளித்துளியா விடுங்கோ” என்பா.

ஒரு கோடையில், வற்றிய குளத்தோரம் ஆக்காட்டி ஒன்று முட்டையிட்டிருந்தது. ரீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக் கத்திப் பறந்தது. விரலால் காட்டிய பிறகும் சரளைக்கல்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக நாலு முட்டை: கூர்முனைகள் உட்பக்கம் பார்க்க, மங்கிய மண்ணிறத்தில் கருந்திட்டுகள். “தொடக்கூடாது. நிறத்தை மட்டும் கண்ணால எடுத்துக்கொண்டு வாங்கோ.”

கொப்பி மட்டையில் முட்டைகள் வெட்டி, நிறம் பூசி, முற்றத்தில் ஒளித்தோம். மற்றப் பிள்ளைகள் தேடினார்கள். ஒரே மண்ணிறம் பூசியவை எல்லாம் உடனே அகப்பட்டன. அடுப்புக்கரித் திட்டுகள் ஓரம்வரை போன முட்டைகளே தப்பின. திட்டு ஓரத்தை உடைத்துவிடும். ஓரம் உடைந்தால் கண்ணுக்கு உருவம் பிடிபடாது. அபொட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் விலங்குகளின் மறைநிறம் பற்றிச் செய்த அவதானிப்புகளை அவருடைய மகன் 1909 இல் புத்தகமாக்கியதைப் பிற்காலத்தில் அறிந்தேன். மானின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதால் மேலே விழும் வெயிலும் கீழே விழும் நிழலும் ஈடாகி, உடல் தட்டையாகத் தெரிகிறது என்று தேயர் விளக்கினார். நிறம் குழைத்த ஒருவர் இதைக் கண்டதில் எனக்கு வியப்பே இல்லை.

மறைவது எதற்கு என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிபிர் போர்விமான இரைச்சலுக்கு நாங்கள் மரங்களுக்குக் கீழே ஓடுவோம். உழவு இயந்திரங்களின் மேலே பச்சைக் குழை வெட்டிப் போட்டிருப்பார்கள். எங்கள் சீருடையோ வெள்ளை. முட்டை தேடி முடிந்ததும் ஒரு சின்னவள் கேட்டாள்: “ரீச்சர், எங்கட சட்டைக்கும் கரித்திட்டு வைப்பமா?”

ரீச்சர் அவளைத் தூக்கி மடியில் இருத்தினா. அடுத்த நாளிலிருந்து வீட்டுச் சட்டையோடு வரலாம் என்று சொன்னா. பச்சையோ மண்ணிறமோ இருந்தால் அதையே போட்டுவிடும்படி பின்னேரம் கொட்டில் கொட்டிலாகப் போய்த் தாய்மாரிடமும் சொல்லிவிட்டு வந்தா.